பணம் போன வருஷம். பெட்டி எந்த வருஷம்?

பண்டத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுப்பது கடைத்தெரு வழக்கம். முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ காத்திருந்து, பிறகு பண்டத்தின் முகத்தைக் காண்பது இன்னொரு வழக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலகை விளையாட்டு வியாபாரத்தில் இந்த இரண்டாவது வழக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது.

பலகை விளையாட்டு என்றதும் தாயக்கட்டையும் சோழியும் நினைவுக்கு வரலாம். இது அவ்வளவு சிறிய விஷயம் அல்ல. ஒரு பெட்டிக்குள் கனத்த அட்டையில் அச்சிட்ட நிலப்படங்கள் இருக்கும். நூற்றுக்கணக்கான சீட்டுகள், வண்ணப் பகடைகள், பிளாஸ்டிக் பொம்மைகள், விதிப் புத்தகம் எல்லாம் இருக்கும். விலை 50 டாலர், 100 டாலர், அதற்கு மேலும் போகும். விளையாடுகிறவர்களில் பெரும்பாலோர் சம்பாதிக்கிற வயதினர்.

இந்தப் பெட்டியைத் தயாரிக்க விரும்புகிறவர் முதலாளியைத் தேடி அலைவதில்லை. இணையதளத்தில் படத்தைக் காட்டுகிறார். விளையாடும் விதத்தை விளக்குகிறார். "இன்ன தேதிக்குள் இவ்வளவு டாலர் சேர்ந்தால் தயாரிப்பேன், பணம் கட்டியவர்களுக்கு இன்ன மாதத்தில் பெட்டி வரும்" என்கிறார். தொகை சேர்ந்தால் பணம் அவர் கைக்குப் போகிறது. சேராவிட்டால் யாருக்கும் ஒரு காசு செலவில்லை. இப்படிப் பணம் திரட்டிக் கொடுக்கும் நிறுவனங்களில் புகழ்பெற்றது நியூயார்க்கில் 2009-ல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர். திரளும் பணத்தில் நூற்றுக்கு ஐந்து அதன் தரகு.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொன்ன மாதத்தில் பெட்டி வருகிறதா?

2012-ல் அமெரிக்கச் செய்தி நிறுவனமான சி.என்.என். மணி, கிக்ஸ்டார்ட்டரில் மிக அதிகப் பணம் திரட்டிய 50 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பலகை விளையாட்டு மட்டுமல்ல, எல்லா வகைத் திட்டங்களும் அதில் அடக்கம். நூற்றுக்கு 84 திட்டங்கள் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன. 2015-ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் வேறொரு கேள்வியை ஆராய்ந்தார். சொன்ன பண்டத்தைக் கொடுக்காமலே போன திட்டங்கள் எத்தனை? நூற்றுக்கு 9 என்று கணக்கு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கைவிரிப்பு அபூர்வம், தாமதமோ சர்வ சாதாரணம். பணம் கட்டியவர்களின் கோபமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிறக்கிறது. தயாரிப்பாளர்களின் அலட்சியமெல்லாம், "எல்லோரும்தானே தாமதிக்கிறார்கள்" என்ற எண்ணத்தில் பிறக்கிறது. இரண்டும் தவறு.

பழைய வழக்கம்தான்

பொதுமக்களிடம் சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்துக் காரியம் செய்வது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. நூல் அச்சாகுமுன்பே கையொப்பம் வாங்கிப் பொருள் சேர்க்கும் முறை தமிழ்நாட்டிலும் இருந்தது. 1887-ல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ. வே. சாமிநாதையர் அப்படித்தான் கையொப்பம் சேர்த்தார்.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையின் கதையும் இதுதான். சிலை பிரான்சின் அன்பளிப்பு. பீடம் கட்டுவது அமெரிக்காவின் பொறுப்பு. பீடத்துக்குப் பணம் போதவில்லை. 1885-ல் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் தம் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் மூலம் மக்களிடம் கை நீட்டினார். ஐந்தே மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரைப் பத்திரிகை அச்சிட்டது.

அங்கேயும் தாமதம் இருந்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற நூறாவது ஆண்டான 1876-ல் எழும்பியிருக்க வேண்டிய சிலை அது. திறப்பு விழா நடந்தது 1886 அக்டோபர் 28-ல். பத்து வருஷம் தாமதம். ஆனால் பீடத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் இருட்டில் வைக்கப்படவில்லை. எவ்வளவு சேர்ந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்ற விவரம் பத்திரிகையில் வந்துகொண்டே இருந்தது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, இன்றைய பெட்டியின் பயணத்தைப் பார்க்கலாம்.

பெட்டி பிறக்கும் விதம்

இத்தகைய விளையாட்டுகளில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. ஜெர்மனியிலும் போலந்திலும் நல்ல தொழிற்சாலைகள் உண்டு. ஆனால் சீட்டு அச்சிடுவது, அட்டை வெட்டுவது, பிளாஸ்டிக் வார்ப்பது, பெட்டி செய்வது, எல்லாவற்றையும் அடுக்கி மூடுவது ஆகிய அத்தனை வேலையும் ஷென்ஜென், ஷாங்காய் வட்டாரங்களில் பக்கத்துப் பக்கத்தில் கட்டுப்படியான விலைக்கு நடக்கிறது.

முதலில் படங்கள் தொழிற்சாலைக்குப் போகின்றன. அங்கிருந்து நிறம் பார்க்க ஒரு நகல் வருகிறது. பிறகு முழுப் பெட்டி ஒன்று மாதிரியாக வருகிறது. இருநூறு சீட்டில் ஒரு சீட்டில் ஓர் எண் தப்பாக இருக்கும். திருத்தி அனுப்பினால் மறுபடி ஒரு மாதிரி. ஒவ்வொரு சுற்றுக்கும் வாரக் கணக்கில் நாள் ஓடுகிறது. எண்ணைத் திருத்தாமல் விட்டாலோ பத்தாயிரம் பெட்டியிலும் அந்தத் தப்பு ஏறிவிடும்.

பிளாஸ்டிக் பொம்மை இருந்தால் வேலை இன்னும் நீளும். பொம்மையை வார்க்க எஃகில் அச்சு வெட்ட வேண்டும். ஒவ்வோர் அச்சும் ஆயிரக்கணக்கான டாலர் விழுங்கும். வெட்டுவதற்கே வாரங்கள் ஆகும். முதல் வார்ப்பில் பொம்மையின் கத்தி வளைந்திருக்கும், கால் ஒட்டாது. அச்சைச் செதுக்கி மீண்டும் வார்க்க வேண்டும்.

அட்டையோ ஈரத்துக்குப் பயந்தது. அச்சிட்ட தாளைக் கனத்த அட்டையில் ஒட்டிய பிறகு பசை நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டுப் பெட்டியில் அடைத்தால் கடல் கடப்பதற்குள் அட்டை வளைந்துவிடும், பூஞ்சணம் பிடிக்கும். காய வேண்டியதைக் காயவிடுவது தாமதம் அல்ல, அது தொழில்.

சீனப் புத்தாண்டு ஒன்று இருக்கிறது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். தொழிற்சாலை கதவடைத்துவிடும். விடுமுறைக்கு முன் வேலையை முடித்துக்கொள்ள எல்லோரும் முட்டி மோதுவார்கள். ஒரு வாரம் பிந்தியவருக்கு ஒரு மாதம் போய்விடும்.

இதெல்லாம் முடிந்து, பாதுகாப்புச் சோதனையும் தேறி, தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் துண்டு துண்டாக அடுக்கிய பிறகே பெட்டி கப்பலைப் பார்க்கப் புறப்படும்.

வெற்றியே வினையானது

பணம் குறைவாகச் சேர்ந்தால்தானே தாமதம் வரும், நிறையச் சேர்ந்தால் வேலை விரைந்து முடியாதா என்று கேட்கத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு.

2015-ல் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' என்ற சீட்டு விளையாட்டுக்கு 10,000 டாலர் கேட்டார்கள். ஒரு மாதத்தில் 2,19,382 பேர் 87 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கும் அந்த ஆண்டு ஜூலையிலேயே பெட்டிகள் கிளம்பிவிட்டன. காரணம் எளிது. பெட்டிக்குள் இருந்தது சீட்டுகள், சீட்டுகள் மட்டும்.

2020 வசந்தத்தில் 'பிராஸ்ட்ஹேவன்' என்ற விளையாட்டு வந்தது. 'க்ளூம்ஹேவன்' என்ற புகழ்பெற்ற விளையாட்டின் அடுத்த பாகம் அது. 83,193 பேர் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் டாலர் கட்டினார்கள். பலகை விளையாட்டுக்கு அதுவரை அவ்வளவு பணம் அங்கே சேர்ந்ததில்லை. பெட்டி 2021 மார்ச்சில் வரும் என்று குறித்திருந்தார்கள். பெட்டிகள் பரவலாகக் கைக்கு வந்தது 2022 கடைசியிலும் 2023-லும். ஒரு பெட்டியின் எடை 10 கிலோவுக்கும் மேல்! உள்ளே முழுக் கதையொன்று, நூற்றுக்கணக்கான சீட்டுகள், கனத்த புத்தகங்கள், பொம்மைகள். அத்தனையையும் எழுதி, ஆடிப் பார்த்து, திருத்தி, அச்சிட வேண்டியிருந்தது. அதற்கிடையில் உலகத்தையே கொள்ளைநோய் பிடித்து ஆட்டியது.

பணம் கேட்கும்போது தயாரிப்பாளர்கள் ஓர் ஆசை காட்டுவது உண்டு. "இன்னும் ஐம்பதாயிரம் டாலர் சேர்ந்தால் இரண்டு பொம்மை அதிகம், லட்சம் சேர்ந்தால் இன்னொரு நிலப்படம்" என்பார்கள். கூட்டம் உற்சாகத்தில் பணத்தை ஏற்றும். ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒரு புது வாக்குறுதி பெட்டிக்குள் விழும். வாக்குறுதி கூடுகிறது, எடை கூடுகிறது, அச்சு கூடுகிறது. ஆனால் முதல் நாள் எழுதிய தேதி மட்டும் அப்படியே நிற்கிறது. தாமதத்தின் முதல் விதை பெரும்பாலும் இங்கேதான் ஊன்றப்படுகிறது.

கடலில் நின்ற சரக்கு

தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பெட்டிக்குக் கடல் காத்திருக்கிறது.

2021 மார்ச் 23-ல் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாள் கால்வாய் அடைபட்டது. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் சரக்கெல்லாம் நின்றது. மே மாதக் கடைசியில் ஷென்ஜென் நகரின் யாண்டியன் துறைமுகம் கொரோனாத் தொற்றால் முடங்கி, சில வாரங்கள் அரைகுறையாக வேலை செய்தது. அமெரிக்க மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே, 2022 ஜனவரியில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இறக்க இடமில்லாமல் காத்துக் கிடந்தன. அதே ஆண்டு மார்ச் கடைசியிலிருந்து இரண்டு மாதம் ஷாங்காய் நகரம் பூட்டிக் கிடந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படவே, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் பெட்டிக்குப் பத்து நாள் போலக் கூடுதலாயிற்று.

நாள் போனால் பொறுத்துக்கொள்ளலாம். கூலி ஏறியதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொள்ளைநோய்க்கு முன் சீனாவிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு 40 அடி கண்டெய்னர் ஒன்றை அனுப்ப 2,000 டாலருக்குள் முடிந்தது. 2021 செப்டம்பரில் அது 20,000 டாலரைத் தொட்டது.

ஒரு கண்டெய்னரில் 2,000 பெட்டி அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கூலியில் பெட்டிக்கு ஒரு டாலர். புதிய கூலியில் பத்து டாலர். பணம் கட்டியவர் கொடுத்ததோ பழைய கணக்குப்படி. மீதி ஒன்பது டாலர் எங்கிருந்து வரும்?

வரி என்ற இடி

கடல் தணிந்த பிறகு சுங்கச் சாவடி கொந்தளித்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம் சீனச் சரக்குகளின் மீது விதித்த கூடுதல் வரி படிப்படியாக ஏறி நூற்றுக்கு 145 ஆயிற்று. 10 டாலர் மதிப்புள்ள பெட்டிக்கு 14 டாலர் 50 சென்ட் வரி! இந்த வரியைக் கட்ட வேண்டியவர் சீனத் தொழிற்சாலைக்காரர் அல்ல. சரக்கை இறக்குமதி செய்யும் அமெரிக்க வியாபாரி.

தயாரான பெட்டிகளைக் கப்பலில் ஏற்றவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் பல நிறுவனங்கள் திகைத்தன. 'க்ளூம்ஹேவன்' வெளியிடும் சிபலோபேர் நிறுவனத்தின் சரக்கும் சீனாவில் தேங்கியது. ஸ்டோன்மையர் கேம்ஸ் போன்ற சில நிறுவனங்கள் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தன. மே 14 முதல் வரி நூற்றுக்கு 30 ஆகக் குறைக்கப்பட்டது. 145-ஐப் பார்த்தவர்களுக்கு 30 குறைவாகத் தோன்றலாம். ஆனால் முன்பணம் வாங்கிய நாளில் யாரும் அந்த முப்பதையும் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

சுமை யார் தலையில்?

இங்கேதான் இந்த வியாபாரத்தின் அடிப்படைக் கோளாறு வெளிப்படுகிறது. வரவு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. செலவோ கடைசி நாள்வரை வளர்ந்துகொண்டே போகிறது. தேதியைக் குறிப்பதும் அப்படியே. எதுவும் தெரியாத முதல் நாளில்தான் எல்லாம் தெரிந்ததுபோல் தேதி குறிக்கப்படுகிறது.

நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப மூன்றே வழி. தயாரிப்பாளர் தம் கையிலிருந்து போடலாம். ஆயிரம் பெட்டி செய்யும் சிறு தயாரிப்பாளருக்கு அது லாபத்தை மட்டுமல்ல, வீட்டுச் சேமிப்பையும் கரைக்கும். அல்லது, பணம் கட்டியவர்களிடமே மறுபடி கேட்கலாம். 2022-ல் சில நிறுவனங்கள் அப்படியும் கேட்டன. சிலர் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார்கள். சிலர் இது முறையா என்று கொதித்தார்கள்.

மூன்றாவது வழிதான் ஆபத்தானது. புதிய விளையாட்டு ஒன்றை அறிவித்து, அதற்கு வரும் பணத்தால் பழைய விளையாட்டின் கடனை அடைப்பது. பழைய சீட்டுக்குப் புதுச் சீட்டுப் பணத்தைக் கொடுக்கும் சீட்டுக் கம்பெனி என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சீட்டில் ஆள் சேராத நாளில் எல்லாச் சீட்டும் ஒன்றாகச் சரியும்.

தாமதமும் மோசடியும்

மோசடி என்று எதைச் சொல்வது? அமெரிக்காவில் ஒரு வழக்கு இதற்கு எல்லை வகுத்தது.

2012-ல் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற விளையாட்டுக்கு 35,000 டாலர் கேட்கப்பட்டது. 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கட்டினார்கள். மாதங்கள் ஓடின. வேலை நடப்பதாகவே செய்தி வந்தது. 2013 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அமெரிக்க அரசின் வாணிபக் கண்காணிப்பு ஆணையம் விசாரித்தது. பணம் திரட்டியவர் அதில் பெரும்பகுதியை வீட்டு வாடகைக்கும், வேறு மாநிலத்துக்குக் குடிபெயரவும், சொந்தச் சாமான் வாங்கவும் செலவிட்டார் என்று 2015-ல் குற்றம் சாட்டியது. இத்தகைய முன்பணத் திட்டத்தின்மேல் ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். 1,11,000 டாலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கொடுக்க வசதியில்லை என்பதால் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. கிரிப்டோசோயிக் என்ற வேறொரு நிறுவனம் முன்வந்து அந்த விளையாட்டை வெளியிட்டு, பணம் இழந்தவர்களுக்கு இலவசமாகவே பெட்டி கொடுத்தது. அது அந்த நிறுவனத்தின் பெருந்தன்மை. சட்டம் வாங்கிக் கொடுத்தது அல்ல.

கவனிக்க வேண்டியது ஒன்று. வழக்கு வந்தது பெட்டி தாமதமானதற்காக அல்ல. பெட்டிக்குக் கொடுத்த பணம் வேறு வழியில் போனதற்காக, போனதை மறைத்ததற்காக.

என்ன செய்ய வேண்டும்?

கிக்ஸ்டார்ட்டர் தான் ஒரு கடை அல்ல என்று 2012-லேயே அறிவித்துவிட்டது. திட்டத்தில் உள்ள இடர்களைத் தனியாக எழுதிக் காட்டவேண்டும் என்றும் விதித்தது. 2014-ல் திருத்திய விதிகளின்படி, காரியம் கைகூடாவிட்டால் பணம் எப்படிச் செலவாயிற்று என்று விளக்க வேண்டும். மிச்சமிருப்பதைத் திருப்பித் தர வேண்டும். விதிகள் நல்லவைதான். ஆனால் விளக்கம் கேட்டு வாங்குவது பணம் கட்டியவர் பாடு. நூறு டாலருக்காகக் கடல் கடந்து வழக்காட எவராலும் முடியாது.

ஆகவே வழக்கம்தான் திருந்த வேண்டும். மாதிரிப் பெட்டி கைக்கு வந்து, தொழிற்சாலை நாள் குறித்த பிறகே பணம் கேட்பது நல்லது. கப்பல் கூலியையும் வரியையும் முதல் நாள் ஊகமாக வாங்காமல், பெட்டி கிளம்பும் சமயத்தில் அன்றைய கணக்குப்படி வாங்குவது நேர்மை. பல நிறுவனங்கள் இப்போது அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டன. பணம் கூடக் கூடப் பெட்டிக்குள் புதுச் சாமானைத் திணிக்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒரு விளையாட்டின் பணத்தை இன்னொன்றின் பணத்தோடு கலக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒரு முறையாவது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "அச்சு வளைந்துவிட்டது, ஆறு வாரம் பிந்தும்" என்ற கெட்ட செய்தியைக் கேட்டு எவரும் செத்துப்போவதில்லை. ஆறு மாதம் ஒரு செய்தியும் இல்லாதபோதுதான் மனம் கண்டதையும் கற்பனை செய்கிறது.

பணம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது கடையில் வாங்கும் பண்டமும் அல்ல; கம்பெனியில் போடும் பங்கும் அல்ல. லாபம் வந்தால் பங்கு கிடையாது. நஷ்டம் வந்தால் மட்டும் பங்கு உண்டு. இதைத் தெரிந்து, போனால் தாங்கக்கூடிய தொகையைத்தான் கட்ட வேண்டும். அச்சில் இருக்கும் பெட்டிக்காகத் தயாரிப்பாளரைத் தினமும் வைது கடிதம் எழுதுவதால் பசை சீக்கிரம் காய்ந்துவிடாது.

ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறவும் பொறுப்பார்கள். ஆனால் அடுப்பு எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.